ராஜேந்திர சோழனின் ஃபைல் டேக்

தடாவில் எண்பத்தைந்து வயதுத் தாத்தா ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து ஒரே வீடு, ஒரே திண்ணை, ஒரே வெற்றிலைப் பெட்டி. அவர் பிறந்தபோது அந்தத் திண்ணை மதராஸ் மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று கண் விழித்துப் பார்த்தால் ஆந்திர மாநிலம். 1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசம். 2014-இல் தெலங்கானா பிரிந்தபோது மாநிலத்தின் பெயர் தப்பித்தது, ஹைதராபாத் போனது. எல்லாம் முடிந்தது என்று வெற்றிலையை மடித்தால், 2022 ஏப்ரல் 4 முதல் நெல்லூர் மாவட்டமும் இல்லை, திருப்பதி மாவட்டமாம். எழுந்து நிற்காமலேயே இத்தனை ஊர் மாறிய மனிதரை வாஸ்கோ ட காமாவோடு தாராளமாக ஒப்பிடலாம். வாஸ்கோவுக்காவது கப்பல் தேவைப்பட்டது.

இந்தத் தேதிகளை எல்லாம் பாடப்புத்தகம் சொல்லும். யார் உண்ணாவிரதம் இருந்தார், யார் எந்த ஊரைக் கேட்டார், யாருக்கு எது கிடைத்தது என்பதும் வந்துவிடும். ம.பொ.சி. திருப்பதியைக் கேட்டார், கிடைத்தது திருத்தணி. பெருமாளைக் கேட்டவருக்கு முருகன் வந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் நிஜமாகவே லாபம் பார்த்த ஒருவரைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரர்.

யோசித்துப் பாருங்கள். தாசில்தார், சப் ரிஜிஸ்திரார், ஹெட்மாஸ்டர், போஸ்ட்மாஸ்டர், பால் சங்கச் செயலாளர், எல்லோருக்கும் ஒரே நாளில் புது ஸ்டாம்ப். பக்கத்துச் சத்யவேடு கதையும் இதுதான். அந்த வட்டாரம் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திராவுக்கும், திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கும் கைமாறிய நாள் 1960 ஏப்ரல் 1. அதற்கு முன்னால் சித்தூர் மாவட்டமே பிறந்தது 1911 ஏப்ரல் 1. நம் நிர்வாகத்துக்கு ஏப்ரல் முதல் தேதி மீது அப்படி என்ன மோகம்? நிதியாண்டு தொடக்கம் என்பார்கள். நம்பிவிடுவோம்.

எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். நாம் வரலாற்றைத் தப்பான அறையிலிருந்து படிக்கிறோமோ? போர்க்களத்தையும் அந்தப்புரத்தையும் அங்குலம் அங்குலமாக அளந்துவிட்டோம். இந்த இரண்டுக்கும் நடுவே ஆபீஸ் என்று ஓர் அறை இருந்தது. அங்கே ஒரு மேசை, மேசை மேல் ஒரு ஃபைல், ஃபைலில் ஒரு டேக். மாமன்னர்கள் எல்லோரும் அந்த அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள்தான். சந்தேகமாக இருந்தால் ராஜராஜ சோழனையே கேட்போம்.

தன் 21-ஆம் ஆட்சியாண்டின் 92-ஆம் நாள், தஞ்சைக்கு வெளியே இருந்த அரண்மனை மண்டபத்தில் அமர்ந்து, ராஜராஜன் ஓர் உத்தரவு போட்டான். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானம் போகட்டும். முடிந்தது கதை. பாண்டியனை அடக்கியவன், ஈழம் வென்றவன், பெரிய கோயில் கட்டியவன் வாயைத் திறந்து சொல்லிவிட்டான். இனி யார் தடுக்க முடியும்?

டிபார்ட்மென்ட் தடுக்கும். மன்னன் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுகிறவர் ஓலையில் எழுத வேண்டும். அது சரிதான் என்று திருமந்திர ஓலை நாயகங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு புரவுவரித் திணைக்களம், அதாவது அந்தக் கால ரெவின்யூ டிபார்ட்மென்ட். அப்புறம் வரிப்பொத்தகம், முகவெட்டி என்று வரிசையாக அதிகாரிகள். ஒருவர் வாசிக்க, ஒருவர் சரிபார்க்க, ஒருவர் பதிய. கணக்கில் ஏறியது 96-ஆம் நாள். நான்கே நாளா, பரவாயில்லையே என்று வியக்காதீர்கள். ஊரின் எல்லையைச் சுற்றிப் பெண் யானையை நடத்தி, கல் நட்டு, கள்ளி வைத்து, காகிதவேலை — மன்னிக்கவும், ஓலைவேலை — முடியும்போது மன்னனின் 23-ஆம் ஆட்சியாண்டு நடந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல். யானை நடந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஃபைல் நடந்த வேகம் அது.

அந்த ஊரிலிருந்து வரவேண்டிய நெல் எவ்வளவு என்பதையும் எழுதிவைத்தார்கள். எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று கலம். அதோடு விட்டார்களா? தூணி, குறுணி, நாழி வரை போனார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் கலம் நெல்லில் ஒரு கைப்பிடி கூடினால் என்ன குறைந்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். ஆடிட்டரைப் பார்த்திராதவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள்.

இந்த உத்தரவைச் செப்பேட்டில் வெட்டி நிரந்தரமாக்கியது ராஜராஜன் இல்லை. அப்பா காலமான பிறகு மகன் ராஜேந்திரன்தான் செய்தான். 21 செப்பேடுகள். எல்லாவற்றிலும் ஒரு துளை. துளைகள் வழியே கனத்த ஒரு வளையம். வளையத்தின் வாயில் புலியும் மீன்களும் வில்லும் பொறித்த அரச முத்திரை. எடை சுமார் முப்பது கிலோ. இப்போது உங்கள் ஆபீஸ் ஃபைலின் இடது மேல் மூலையைப் பாருங்கள். அதே துளை, அதே கோர்ப்பு. ஆயிரம் வருடத்தில் நாம் செய்த ஒரே முன்னேற்றம், வளையத்தை நூலாக்கி இரண்டு முனையிலும் தகரப் பூண் மாட்டியது. அந்தப் பூணும் மூன்றாம் நாள் கழன்றுவிடுகிறது.

இந்த ஃபைல் டச்சுக்காரர்கள் கையில் சிக்கிக் கடல் கடந்து, 1862-இல் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆபீஸ் ஃபைல் காணாமல் போவது புதிதல்ல. முப்பது கிலோ ஃபைல் காணாமல் போவதுதான் சாதனை.

கரந்தைச் செப்பேடுகள் என்று இன்னொன்று உண்டு. அதுவும் ராஜேந்திரனுடையதுதான். 57 ஏடுகள், நூறு கிலோவுக்கு மேல். ஏன் இத்தனை? ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தணர்களுக்கு நிலம் கொடுத்தான். அத்தனை பேர் பெயரையும் எழுத வேண்டியிருந்தது. மெயிலில் ஆபீஸ் மொத்தத்தையும் சி.சி. போடும் மேனேஜரை இனித் திட்டாதீர்கள். அது சோழர் மரபு.

எனக்கு மிகவும் பிடித்தது திருவாலங்காட்டுச் செப்பேடு. அரக்கோணம் ரயிலில் போகும்போது வருமே, அந்தத் திருவாலங்காடுதான். 1905-இல் அகப்பட்டது. 31 ஏடுகள், வழக்கம்போல வளையம், முத்திரை. கோயிலுக்குப் பழையனூரைக் கொடுத்த ஆவணம். கொடுத்தது ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டு, அதாவது 1018 வாக்கில். ஆனால் அதே வளையத்தில் கோர்த்த வடமொழிப் பகுதி கங்கைப் படையெடுப்பைப் பாடுகிறது, கடாரம் வென்றதையும் பாடுகிறது. கடாரம் வென்றது 1025-இல்! ஏழு வருடம் கழித்து வெல்லப்போகும் ஊரை முன்கூட்டியே ஃபைலில் எழுதிய தீர்க்கதரிசியா ராஜேந்திரன்? ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் பதில் சப்பென்று இருக்கிறது. மன்னன் வெற்றி மேல் வெற்றி குவித்ததும், பழைய ஃபைலைத் திறந்து, முன்பக்கத்தில் புது முகவுரையைக் கோர்த்துவிட்டார்கள். பதவி உயர்வு கிடைத்தவுடன் பழைய பயோடேட்டாவையும் திருத்துகிறோம் இல்லையா, அதேதான். கோர்க்க வசதியாக டேக் இருந்ததால்தானே இது நடந்தது!

சோழர்களை விடுங்கள், பாவம். தடாவுக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியின் மறுகோடியில் துகராஜபட்டினம் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் ஆர்மகான் என்றார்கள். 1626-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு பண்டசாலை போட்டது. வியாபாரம் சொல்லும்படி இல்லை. துணி சரியில்லை, பழவேற்காட்டில் டச்சுக்காரன் கோட்டை கட்டி முறைத்துக்கொண்டிருந்தான். அங்கே இருந்த ஃபிரான்சிஸ் டே வேறு இடம் தேடித் தெற்கே கிளம்பினார். கிடைத்தது, மணல் தவிர வேறெதுவும் இல்லாத, துறைமுகம் இல்லாத, கப்பல் கரை ஒதுங்க முடியாத ஓர் இடம். ‘பிரமாதம்!’ என்றார் டே. அதுதான் சென்னை.

ஏன் அந்த இடம்? இங்கேதான் வதந்தி உள்ளே நுழைகிறது. சாந்தோமில் ஒரு காதலி இருந்தாளாம். சந்திப்புகளுக்கு வசதியாகப் பக்கத்திலேயே கோட்டையைக் கட்டினாராம். ஒரு மாநகரமே காதலுக்காகப் பிறந்தது என்றால் தாஜ்மகாலே தோற்றது போங்கள்! ஆனால் இந்தக் கிசுகிசுவை 1727-இல் புத்தகத்தில் ஏற்றிய அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் தலைவர், காதலனாக வேறோர் அதிகாரியைக் கைகாட்டிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை எடுத்து டேயின் கணக்கில் வரவு வைத்தார்கள். தொண்ணூறு வருடம் பழைய வதந்தி, ஆள் மாறிய வதந்தி. இன்றைக்கும் ஆகஸ்ட் மாதம் வந்தால் யாராவது ஒருவர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இருப்பதில்லை.

ஆகஸ்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆகஸ்ட் 22 அன்று சென்னை தினம் கொண்டாடுகிறோம். தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் 1639-இல் கம்பெனிக்கு இடம் கொடுத்த நாள். ஆனால் அந்தப் பத்திரத்தின் பிரதியில் இருக்கும் தேதி ஜூலை 22! சிக்கல் என்னவென்றால், டே மதராஸ்பட்டினத்துக்கு வந்து சேர்ந்ததே ஜூலை 27. வராத ஆளுக்கு ஐந்து நாள் முன்னதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க நாயக்கர் என்ன ஜோசியரா? ஆகவே பிரதி எடுத்தவர் மாதத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார், ஆகஸ்ட்தான் சரி என்று தீர்மானித்தார்கள் வரலாற்று அறிஞர்கள். கேக் வெட்டுகிறோம், பாரம்பரிய நடை போகிறோம், பழைய கட்டடத்தின் முன் செல்ஃபி எடுக்கிறோம். எல்லாம் ஒரு குமாஸ்தாவின் கை நழுவலைத் திருத்திய தேதியில். அன்றைக்கு மேசையில் ஒரு டேட் ஸ்டாம்ப் மட்டும் இருந்திருந்தால்!

இருந்தாலும் என்ன? ஸ்டாம்பை முதல் நாள் தேதிக்குத் திருப்பிவைக்கும் கலை நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கும் சரித்திரச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்கு ஒரு பழக்கம்: யார் கடன் கொடுத்தாலும் வாங்குவார், கொடுத்தவர்களில் பாதிப்பேர் கம்பெனியின் சொந்த ஊழியர்கள். பகலில் கம்பெனிக்கு வேலை, மாலையில் நவாபுக்கு வட்டி. பத்திரத்துக்கு மேல் பத்திரம். கடைசியில் கர்நாடக ராஜ்ஜியத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு, ‘கடன்காரர்கள் வரலாம்’ என்று கமிஷன் வைத்தார்கள். வந்தார்கள் ஐயா, வந்தார்கள்! 1814 வரை கமிஷன் அலசியது ஏறத்தாழ இரண்டு கோடி பவுண்டுக்கான பத்திரங்கள். அதில் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது பதின்மூன்றரை லட்சம் பவுண்டுக்கும் குறைவு. பதினைந்தில் ஒன்று. நவாப் வாங்கிய கடனைவிட, நவாப் வாங்காத கடன் பல மடங்கு. ஒரு மனிதர் வாங்காத கடனாலேயே இத்தனை புகழ் பெற்றது உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

சரி, மேசைக்குத் திரும்புவோம். ஜெம் கிளிப்பை எடுங்கள். வளைந்த கம்பித் துண்டு, ஒரு டப்பா சில ரூபாய். இதற்கு நார்வேயில் ஒரு சிலை இருக்கிறது. சும்மா சொல்லவில்லை. 1989-இல் ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் சாண்ட்விகாவில் பல மீட்டர் உயரத்துக்கு ராட்சத கிளிப் ஒன்றை நிறுத்தினார்கள். காரணம், கிளிப்பைக் கண்டுபிடித்தவர் யோகான் வாலர் என்ற நார்வேக்காரர் என்பது அந்த நாட்டின் பெருமை. 1999-இல் நூற்றாண்டுத் தபால்தலையும் வெளியிட்டார்கள்.

ஒரே ஒரு சின்னக் குறை. வாலர் 1901-இல் காப்புரிமை வாங்கிய கிளிப் வேறு மாதிரி. நம் மேசையில் இருப்பதில் உள்ளே இன்னொரு சுற்று உண்டே, அது அவருடையதில் இல்லை. ஆகவே காகிதம் சரியாக நிற்கவும் நிற்காது. உள்சுற்று உள்ள ஜெம் கிளிப் அதற்கு முன்பே பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1899-இல் வில்லியம் மிடில்புரூக் என்ற அமெரிக்கர் அதைச் செய்ய ஓர் இயந்திரத்துக்கே காப்புரிமை கேட்டுவிட்டார். அப்படியானால் சிலை எந்தக் கிளிப்பின் வடிவம்? ஜெம் கிளிப்! தபால்தலையிலும் அதேதான்! ஒருவர் பெயரில் சிலை வைத்து, முகம் மட்டும் எதிர்க்கட்சிக்காரருடையதைப் பொருத்தியதுபோல. சிலை வைப்பதில் நாம்தான் உலகத்துக்கே முன்னோடி என்று நினைத்திருந்தேன். நார்வே நம்மைத் தாண்டிவிட்டது.

ஆனால் சிரித்து முடிப்பதற்குள் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படை நார்வேயைப் பிடித்தபோது, அரசரின் முதலெழுத்து பொறித்த பட்டன்களை அணியக் கூடாது என்றது. மக்கள் சட்டையில் கிளிப்பைக் குத்திக்கொண்டார்கள். நாம் சேர்ந்தே இருக்கிறோம் என்று அர்த்தம். அதற்காகக் கைதும் ஆனார்கள். வாலர் கதை பரவியது போருக்குப் பிறகு. கண்டுபிடிப்பு பொய், சிலை தப்பு, வீரம் மட்டும் நிஜம். இப்படி ஒரு விசித்திரக் கலவையை எந்த மாவீரனின் வரலாற்றிலும் நான் பார்த்ததில்லை.

குண்டூசியை விட்டுவிட முடியாது, குத்தும். 1776-இல் ஆடம் ஸ்மித் நவீனப் பொருளாதாரத்தையே குண்டூசி முனையில் நிறுத்தினார். குண்டூசி செய்வதில் 18 வேலைகள். ஒருவனே எல்லாவற்றையும் செய்தால் நாளுக்கு இருபது ஊசி தேறாது. பத்துப் பேர் பிரித்துக்கொண்டால் 48,000. பிரிட்டன் பூரித்துப்போய் 2007-இல் இருபது பவுண்டு நோட்டில் ஸ்மித்தையும் குண்டூசித் தொழிற்சாலையையும் சேர்த்தே அச்சடித்தது. ஸ்மித் நேரில் பார்த்தது பத்தே பேர் வேலை செய்த குட்டிப் பட்டறை. அந்தப் பதினெட்டு என்ற எண் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் ஏற்கெனவே இருந்தது. பேராசிரியர்கள் பக்கத்து வீட்டுப் புத்தகத்தை வாசிப்பது தொன்றுதொட்ட வழக்கம். அவர்கள் நோட்டில் குண்டூசியின் படத்தை அச்சடித்தார்கள். நாம் நோட்டிலேயே நேராகக் குத்தினோம். வங்கிக் கட்டைப் பிரிக்கையில் காந்தி தலைக்குப் பக்கத்தில் ஓட்டை விழுமே, ஞாபகம் இருக்கிறதா? ‘இனி நோட்டுக்கட்டில் ஸ்டேப்பிள் அடிக்காதீர்கள்’ என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட வேண்டிவந்தது 2001-இல். தமிழில் குண்டூசி என்ற பெயரில் சினிமாப் பத்திரிகையே வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடிகர்களைக் குத்த அதைவிடப் பொருத்தமான கருவி ஏது?

தடா எல்லையில், பீமுனிவாரிப்பாளையம் செக்போஸ்ட்டில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்து விற்பனைவரிச் சோதனைச் சாவடிகளை மூடியது. அதுவரை அந்த லாரிகளை இயக்கியது டீசல் என்று நினைத்தால் தவறு. கார்பன் பேப்பர். ஒன்று டிரைவருக்கு, ஒன்று ஆபீசுக்கு, ஒன்று யாருக்கென்றே தெரியாமல் மூன்றாவது. விரலெல்லாம் நீலம்.

அந்த நீல மை எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? இத்தாலியில் ஒரு காதலிலிருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்லக்ரினோ துர்ரி என்பவர், பார்வையிழந்த கரோலினா ஃபான்டோனி என்ற பிரபுகுலப் பெண் தானே கடிதம் எழுத வேண்டும் என்று ஓர் எழுத்து இயந்திரம் செய்தார். அதற்கு மை வேண்டுமே. மை தடவிய தாளையும் செய்தார். அவள் தட்டிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன, இயந்திரம் இல்லை. தோழியா காதலியா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். ஒரு பெண்ணுக்காக ஒருவன் டைப்ரைட்டரும் கார்பன் பேப்பரும் சேர்த்துக் கண்டுபிடித்தான் என்றால் அது வெறும் நட்புதான் என்று நம்புவதற்கு அறிஞராகத்தான் இருக்க வேண்டும்.

அதே சமயத்தில் இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் 1806-இல் கார்பன் தாளுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் நோக்கமும் பார்வையற்றோருக்கு உதவுவதுதான். வியாபாரிகள் அதைப் பார்த்ததும் பதறினார்கள்: ‘ஐயோ, இதை வைத்துப் போலிப் பத்திரம் தயாரிக்க மாட்டார்களா?’ ஆற்காட்டுக் கடன்காரர்கள் கார்பன் இல்லாமலேயே அந்த வேலையை முடித்திருந்த விஷயம் அவர்களுக்கு எட்டவில்லை போலும். மனம் தளராத வெட்ஜ்வுட் அடுத்து மின்சாரத் தந்திக்கு ஒரு திட்டம் தீட்டி 1814-இல் அரசாங்கத்திடம் போனார். போர் முடிந்துவிட்டது, பணம் இல்லை, இருக்கிற பழைய ஏற்பாடே போதும் என்று பதில் வந்தது. ஃபைல் குளோஸ்டு.

டைப்ரைட்டர் பெருகிய பிறகுதான் கார்பனுக்கு வாழ்வு வந்தது. தமிழுக்கு அந்த இயந்திரத்தைக் கொடுத்தவர் அரசரோ அமைச்சரோ இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா. நம் 247 எழுத்தையும் நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க வேண்டும். மேலே வளைகிற விசிறியையும் தலையில் உட்காருகிற புள்ளியையும் அடித்தால் உருளை நகரக் கூடாது. அடுத்த எழுத்தை அடித்தால்தான் நகர வேண்டும். அதைச் சாதித்தார். மெஷினை வார்த்துக் கொடுத்தது ஜெர்மனி. தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்கியவர்கள் ஆயிரம் பேர் உண்டு; அந்த முழக்கத்தைச் சர்க்குலராக அனுப்ப வழி செய்தவரின் பெயரைச் சொல்லிப்பாருங்கள், ‘எந்த முத்தையா?’ என்பார்கள்.

பேனாவுக்கு வருவோம். 1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கில் கிம்பெல்ஸ் கடை வாசலில் கூட்டம். மில்டன் ரெனால்ட்ஸ் என்ற வியாபாரி பால்பாயின்ட் பேனா விற்கிறார். பன்னிரண்டரை டாலர். தண்ணீருக்கு அடியில்கூட எழுதும் என்று விளம்பரம். முதல் நாளே சுமார் பத்தாயிரம் பேனா விற்றது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டிய அவசியம் பத்தாயிரம் அமெரிக்கர்களுக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பேனா தண்ணீருக்குள் எழுதியதோ இல்லையோ, சட்டைப்பையில் தானாகவே எழுதியது. ஒழுகல்! இத்தனைக்கும் அந்த யோசனை அவருடையதில்லை. ஹங்கேரிக்காரரான லாஸ்லோ பீரோ அதற்காகப் பல வருடம் மல்லுக்கட்டி, அர்ஜென்டினா வரை ஓடிப்போய்ப் பேனாவைச் செய்திருந்தார்.

ரெனால்ட்ஸுக்குப் பேனாவால் கிடைத்த பணம் போதவில்லை, பெருமை வேண்டியிருந்தது. 1947-இல் சொந்த விமானத்தில் உலகத்தை 78 மணி 55 நிமிடத்தில் சுற்றி ஹோவர்ட் ஹியூஸின் சாதனையை உடைத்தார். விமானத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘ரெனால்ட்ஸ் பாம்ப்ஷெல்’. ஓட்டியது வேறு ஆள். மறுவருடம் சீனாவுக்குப் போய், எவரெஸ்டைவிட உயரமான மலையைக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினார். ஆம்னே மாச்சின் என்ற அந்த மலையின் உயரம் பிறகு அளந்தபோது 6,282 மீட்டர். எவரெஸ்டைவிட இரண்டரைக் கிலோமீட்டர் குட்டை. பேனா ஒழுகினால் துடைத்துக்கொள்ளலாம். மலை ஒழுகினால் என்ன செய்வது?

இதற்கு நேர் எதிரான பேனா ஆந்திரத்தில்தான் பிறந்தது. ராஜமகேந்திரவரத்துக் கே.வி. ரத்னம் சுதேசிப் பேனா செய்து காந்திக்கு அனுப்பினார். மற்றவர்களாக இருந்தால் ‘நன்றி, நலம்’ என்று இரண்டு வரி எழுதுவார்கள். காந்தி ஆயிற்றே! இதில் எந்தப் பாகம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று குடைந்தார். ஒரு பேனாவை ஆய்வு செய்ய நம் தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பாவையே அனுப்பினார் என்பார்கள். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்த குமரப்பா நிப்பைத் தட்டிப் பார்த்து, மூடியைத் திருகிப் பார்க்கும் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எல்லாம் திருப்தியான பிறகே, 1935 ஜூலை 16 அன்று காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். கடையில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்றாகத் தெரிகிறது என்று. தெரிகிறது! இவ்வளவு தணிக்கைக்குப் பிறகும் மகாத்மா ‘இருக்கிறது’ என்று எழுதவில்லை பாருங்கள். இப்படி ஒரு வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்திய பிறகு ரத்னத்துக்கு உலகத்தில் வேறெந்த சர்டிஃபிகேட்டும் தேவைப்பட்டிருக்காது.

மேசையில் கடைசியாக ஒன்று பாக்கி. அதைக் கையால் தொட முடியாது. டாட்டன்ஹாம். கால்பந்து ரசிகர்கள் உட்காரலாம், இது அந்த டாட்டன்ஹாம் இல்லை. மதராஸ் மாகாணத்தில் இருந்த ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி, தபால் எப்படி வரவேண்டும், எந்த ரிஜிஸ்டரில் ஏற வேண்டும், எப்போது சாக வேண்டும் என்று வகுத்த முறைக்கு அவர் பெயர். ஆந்திர ரெவின்யூ ஆபீசுகளில் இன்றும் ‘டாட்டன்ஹாம் சிஸ்டம்’ என்றால் தெரியும். லண்டனில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. நம்மூர் டிபார்ட்மென்ட் டெஸ்ட் எழுதுகிற பையனுக்குத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்.

முடிந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் டாட்டன்ஹாம் ஒரு விதி எழுதியிருக்கிறார். எல்.டிஸ். என்று குறித்தால் ஓராண்டில் குப்பை. டி.டிஸ். என்றால் பத்தாண்டு ஆயுள். ஆர்.டிஸ். என்றால் அமரத்துவம், சூரிய சந்திரர் உள்ளவரை, அல்லது கரையான் வரும்வரை. ஆக, வருங்கால வரலாற்று ஆசிரியர் நம்மைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளப் போகிறார் என்பதை முதலமைச்சர் முடிவு செய்வதில்லை, கலெக்டரும் முடிவு செய்வதில்லை. தடாவில் ஏதோ ஒரு செக்ஷனில், ஆறிப்போன டீயை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, ஒரு குமாஸ்தா பேனாவைத் திறக்கிறார். எதிரே நூறு ஃபைல். சூலூர்பேட்டையிலிருந்து சென்னை லோக்கல் கிளம்பிவிட்டதாம், பியூன் வந்து சொல்கிறான். நூறையும் பிரித்துப் படித்து எது காலத்தை வெல்லும் என்று யோசிக்க நேரமில்லை. சடசடவென்று எல்லாவற்றிலும் எல்.டிஸ். போட்டுவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓடுகிறார்.